உங்களுக்குத் தெரியுமா? கண்டிக் குன்றேறிய கல்லூரிகள்

● கண்டி கிங்ஸ்வூட் கல்லூரி தொடங்கிய நாளில் இடாப்பில் இருந்த பெயர்கள் 11 மட்டுமே. திகதி 1891 மே 4, இடம் பவிலியன் வீதி. அப்போது அதன் பெயர் கிங்ஸ்வூட் அல்ல, ‘ஆண்கள் உயர்தரப் பாடசாலை’. அதைத் தொடங்கிய லூயிஸ் எட்மண்ட் பிளேஸுக்கு 29 வயது. தொடக்கத்தில் அவருக்குப் பின்னால் மிஷனும் இல்லை, அரசாங்கமும் இல்லை. அவர் கண்டியிலே பிறந்து, கண்டித் திரித்துவக் கல்லூரியிலே படித்து, இந்தியாவில் ஆசிரியத் தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பறங்கி இளைஞர். அவருடைய துணிச்சல்தான் மூலதனம்.

● கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். புனித அந்தோனியார் கல்லூரியின் கதை அதற்கு முன்பே, 1854இல், தொடங்கிவிட்டது. ஆனால் இன்று நாம் பெருமையாகச் சொல்லும் மற்றப் பெயர்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள்: திரித்துவக் கல்லூரி 1872, பெண்கள் உயர்தரப் பாடசாலை 1879, தர்மராஜ 1887, ஹில்வூட் 1890, கிங்ஸ்வூட் 1891. ரயில் வந்த கால்நூற்றாண்டுக்குள் ஐந்து பாடசாலைகள்! முதலில் கோப்பி, பிறகு தேயிலை என்று மலைநாட்டில் பணம் புழங்கிய காலம் அது. கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் துரைமாரின் கந்தோர்களுக்கும் ஆங்கிலம் படித்தவர்கள் வேண்டியிருந்தது. தம் பிள்ளைகள் தம் சமயத்தையும் மொழியையும் விடாமல் ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்ற தவிப்பு பெற்றோரிடமும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் கண்டியைப் பாடசாலை நகரமாக்கின என்பது என் எண்ணம்.

● அந்த ரயில் மலையேறி முடிக்கும் இடம் நம் கடுகண்ணாவை. ரம்புக்கனையிலிருந்து வரும் பாதையில் 44 அடி ஓடினால் 1 அடி ஏற வேண்டும். அதனால்தான் கனமான ரயில்களுக்கு இன்னோர் இயந்திரத்தையும் பூட்டி மேலேற்றினார்கள். இலங்கை ரயில் சேவையின் 150ஆவது ஆண்டையொட்டி 2014 டிசம்பரில் ரயில் அருங்காட்சியகத்தைக் கடுகண்ணாவை நிலையத்தில் அமைத்தது மிகப் பொருத்தம்.

● ரயிலுக்கு முன் வீதி. கொழும்பு–கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் வீதியோரத்தில் இன்றும் நிற்கிறது. உள்ளே மரத்தாலான சுழற்படி. திரித்துவக் கல்லூரிக்கு முன்னோடியான பாடசாலையை 1857இல் கண்டியில் தொடங்கிய மிஷனரிமாருக்கு ரயில் இல்லை, இந்த வீதிதான் வழி.

● இலங்கைப் பாடசாலைகளுக்கு றக்பியைக் கொண்டுவந்தவர் பிளேஸ். அதுவும் பாடசாலை தொடங்கிய அதே 1891இல்! 11 பிள்ளைகளோடு கதவு திறந்த ஒருவர், ஓர் அணிக்கே 15 பேர் வேண்டிய விளையாட்டைத் தேர்ந்தெடுத்தார். அந்த நம்பிக்கையை என்னவென்று சொல்வது!

இரண்டு பாடசாலைகள் மோதிய முதல் றக்பிப் போட்டிக்கு இன்னும் 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1906 ஆகஸ்ட் 11, போகம்பறை மைதானம். கிங்ஸ்வூட்டுக்கு எதிரே நின்றது திரித்துவக் கல்லூரி. அதாவது, தாம் படித்த பாடசாலைக்கு எதிராகத் தாம் கட்டிய பாடசாலையை இறக்கினார் பிளேஸ். முடிவு 6–6, சமநிலை. இன்றைய ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு 6 புள்ளி குறைவாகத் தெரியலாம். அன்று ஒரு ட்ரைக்கு 3 புள்ளிதான், இன்றுபோல் 5 அல்ல. கண்டியில் ஆட்டோக்காரரிடமும் மரக்கறிக் கடைக்காரரிடமும் இன்று றக்பி பேசலாம் என்றால் அதற்கு விதை போட்டது அந்தப் பிற்பகல்.

● ‘கிங்ஸ்வூட்’ என்ற பெயர் 1898இல் வந்தது. அதற்குள் பாடசாலை மெதடிஸ்த மிஷனோடு இணைந்திருந்தது. மெதடிஸ்த சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த கிங்ஸ்வூட் என்ற ஊரில் 1748இல் ஒரு பாடசாலையைத் திறந்தார். அந்தப் பாடசாலை 1851இல் பாத் நகருக்கு இடம் மாறியது. ஊரை விட்டுப் போனாலும் ஊர்ப்பெயரை விடவில்லை. அந்தப் பெயர்தான் கடல் கடந்து கண்டிக்கும் வந்தது.

● பிளேஸ் வரலாற்று ஆசிரியரும்கூட. இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1900இல் வெளிவந்தது. ஆங்கிலேய மன்னர்களின் பெயர்களைப் பிள்ளைகள் வரிசையாக மனனம் செய்துகொண்டிருந்த காலத்தில், தன் நாட்டின் கதையை வகுப்பறைக்குள் கொண்டுவந்த நூல் அது.

● 32 ஆண்டுகள் அதிபராக இருந்துவிட்டு பிளேஸ் ஓய்வு பெற்றது 1923இல். கிங்ஸ்வூட் இன்றிருக்கும் ரண்டல்ஸ் மலைக்குக் குடிபோனது 1925இல்! வீதியோரத்தில் நெருக்கடிக்குள் வளர்த்த பாடசாலைக்குக் குன்று கிடைத்தபோது அவர் அதிபர் நாற்காலியில் இல்லை. ஆனால் பார்க்கக் கொடுத்துவைத்தவர். 1951இல், ஏறக்குறைய 90 வயதில் காலமாகும்வரை, கால்நூற்றாண்டுக் காலம் அந்தக் குன்றின் வளர்ச்சியைக் கண்டார்.

ரண்டல்ஸ் யார்? சேர் ஜோன் ஸ்கரா ரண்டல்ஸ் இங்கிலாந்தின் இரும்புத் தொழிலதிபர், பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர், மெதடிஸ்தப் போதகரின் மகன். அவர் கொடுத்த நன்கொடையால் வந்ததுதான் இந்த வளாகம். அதனால்தான் குன்றுக்கே அவர் பெயர்.

கண்டியில் ஒரு பாடசாலை வளாகம் அமைப்பது யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அமைப்பதுபோல அல்ல. அங்கே காணி கிடைத்தால் அத்திவாரம் வெட்டலாம். இங்கே முதலில் தட்டை நிலத்தையே உண்டாக்க வேண்டும். மேட்டை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, சரியாமல் இருக்கக் கருங்கல் அணைச்சுவர் எழுப்பி, மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டி, அதற்குப் பிறகுதான் கட்டடம். கட்டடத்துக்காவது சின்னச் சின்னத் தட்டுகள் போதும், மைதானத்துக்கு ஒரே தட்டாக இடம் வேண்டும். மழை பிடித்தால் கடுகண்ணாவைக் கணவாயில் மண் எப்படி இறங்கும் என்று நம் ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை. கண்டிப் பாடசாலைகளில் ஒரு மைதானத்தைப் பார்த்தால், புல்லைப் பார்க்கும் முன் அதன் ஓரத்துக் கல்சுவரைப் பாருங்கள். பாதிச் செலவு அங்கே இருக்கும்.

● தர்மராஜ கல்லூரியின் முதல் வகுப்பு நடந்தது நாத தேவாலயத்தின் பக்கத்தில், தலதா மாளிகையிலிருந்து கூப்பிடு தூரத்தில். 1887 ஜூன் 30, மாணவர் 12 பேர். கண்டி பௌத்த உயர்தரப் பாடசாலை என்று தொடங்கினார்கள். பின்னணியில் நின்றவர் அமெரிக்கரான கேணல் ஒல்கொட். 1880இல் இலங்கைக்கு வந்தவர், பௌத்தப் பிள்ளைகளுக்குப் பௌத்தப் பாடசாலைகள் வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்து பணம் திரட்டினார். கொழும்பு ஆனந்தவுக்கு அடுத்த ஆண்டு கண்டியில் தர்மராஜ. பின்னாளில் அரசாங்க சபையின் தலைவராக விளங்கிய டீ. பி. ஜயதிலக்க 1890களில் இதன் அதிபர்.

● இந்தப் பௌத்தக் கல்லூரியை 1902 முதல் 30 ஆண்டுகள் நடத்தியவர் பௌத்தரல்லர், சிங்களவரும் அல்லர். இந்தியாவிலிருந்து வந்த பார்சிக்காரர், கே. எஃப். பில்லிமோரியா! சொராஸ்திர சமயத்தில் பிறந்த ஒருவர், ஒல்கொட்டின் பிரம்மஞான சபை வழியாக வந்து, தலதா மாளிகை நிழலில் வளர்ந்த பாடசாலைக்குத் தன் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கொடுத்தார். நகர நெருக்கடியிலிருந்து கல்லூரியை ‘லேக் வியூ’ தோட்டக் குன்றுக்கு ஏற்றும் வேலையும் அவர் காலத்தில் நடந்தது. பெயர் சொல்வதுபோல, அங்கிருந்து பார்த்தால் கீழே கண்டி வாவி. சாரணர் பயிற்சிக்கு இந்தக் குன்றை மிஞ்சிய இடம் நாட்டில் குறைவு.

● அந்த வாவியை 1807இல் வெட்டத் தொடங்கியவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்க வம்சத்தவர், இளமைப் பெயர் கண்ணுசாமி.

● கிங்ஸ்வூட்டும் தர்மராஜவும் மோதும் கிரிக்கெட் போட்டிக்கு ‘மெரூன்களின் சமர்’ என்று பெயர். முதல் ஆட்டம் 1893இல். அன்று ஒரு பாடசாலைக்கு 6 வயது, மற்றதற்கு 2 வயது! பின்னாளில் மெதடிஸ்த மிஷனோடு இணைந்த பாடசாலையின் பிள்ளைகளும் பௌத்தப் பாடசாலைப் பிள்ளைகளும் சமயச் சண்டைகள் சூடாக இருந்த ஒரு காலத்தில் ஒரே மைதானத்தில் மட்டை பிடித்தார்கள். பிக் மெச் நாளில் கண்டி வீதிகளில் கொடியோடு லொறிகள் போவதைப் பார்த்தவர்கள், அந்த இரண்டு சின்னப் பாடசாலைகளையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

● திரித்துவக் கல்லூரிக்கு வருவோம். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, டிரினிட்டிதான். 1904இல் அங்கே அதிபராக வந்த ஸ்கொட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கார்டன் ஃபிரேசர், பிள்ளைகள் தம் தாய்மொழியைத் தெரியாமல் வளர்வதைக் கண்டு பொறுக்கவில்லை. சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார். ஆங்கிலம் மட்டுமே படிப்பு என்று நாடே நம்பிய காலத்தில், ஓர் ஆங்கிலப் பாடசாலையின் வெள்ளைக்கார அதிபர் செய்த காரியம் இது. 1924இல் இங்கிருந்து ஆபிரிக்காவுக்குப் போய், இன்றைய கானாவில் அச்சிமோட்டா கல்லூரியின் முதல் அதிபரானார். அங்கும் உள்ளூர் மொழிகளுக்கும் பண்பாட்டுக்கும் இடம் கொடுத்தார். கண்டியில் கிடைத்த அனுபவம் ஒரு கண்டத்தைத் தாண்டிப் போயிற்று.

● டிரினிட்டி தேவாலயத்துக்குள் போனவர்கள் முதலில் தேடுவது சுவரை. பக்கங்கள் திறந்தே கிடக்கும். செதுக்கிய கருங்கல் தூண்கள் வரிசையாக நின்று கூரையைத் தாங்கும். காற்றும் மழையின் வாசனையும் நேரே உள்ளே வரும். ஐரோப்பியக் கோபுரமும் கூர்வளைவும் வேண்டாம், கண்டி அரச மண்டபத்தின் பாணியிலே கட்டலாம் என்று வரைந்தவர் கல்லூரியின் உப அதிபராக இருந்த எல். ஜே. காஸ்டர் பாதிரியார். 1920களில் தொடங்கிய வேலை நீண்டு, 1935இல்தான் தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. தூண்தலையில் கைவைத்த சிற்பிகள் பரம்பரையாகக் கோயில் வேலை செய்தவர்களின் மரபில் வந்தவர்கள்.

சுவர் இருக்கும் இடங்களில் டேவிட் பெயின்டரின் ஓவியங்கள். இயேசு சீடரின் கால்களைக் கழுவும் காட்சி, நல்ல சமாரியன், சிலுவைக் காட்சி எல்லாவற்றிலும் நம் நாட்டு முகங்கள், நம் நாட்டு நிலம். கடுகண்ணாவையிலிருந்து பிலிமத்தலாவைப் பக்கம் திரும்பினால் எம்பெக்கை தேவாலயம் இருக்கிறது. அதன் மரத்தூண்களைப் பார்த்துவிட்டு இந்தக் கல்தூண்களைப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

அதே திசையில் லங்காதிலக விகாரையின் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. கண்டிச் சீமையில் தமிழும் சிங்களமும் ஒரே பாறையில் எழுதப்பட்டு 600 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஃபிரேசர் செய்தது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

● டிரினிட்டியில் சிறந்த சகலதுறை மாணவருக்குக் கொடுக்கும் மிக உயர்ந்த விருது ரைட் தங்கப் பதக்கம். 1950இல் அதைப் பெற்றவர் லக்ஷ்மன் கதிர்காமர். தடைதாண்டும் ஓட்டத்திலும் கிரிக்கெட்டிலும் பெயர் பெற்ற அந்த மாணவர் பின்னர் நாட்டின் வெளிநாட்டமைச்சர். பதக்கப் பட்டியலில் பிற்காலத்தில் சேர்ந்த இன்னொரு பெயர் குமார் சங்கக்கார.

● இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது 1945 அக்டோபர் 1. அதைப் போராடிக் கொண்டுவந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர, காலி ரிச்மண்ட் கல்லூரியில் படித்தவர். அதுவும் கிங்ஸ்வூட் போல மெதடிஸ்தப் பாடசாலை. 1960, 1961 ஆண்டுகளின் சட்டங்களால் அரச உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. கிங்ஸ்வூட்டும் தர்மராஜவும் பெண்கள் உயர்தரப் பாடசாலையும் இன்று அரசப் பாடசாலைகள், தேசியப் பாடசாலைகள். டிரினிட்டி தனியார் நிருவாகத்திலேயே நின்றது. ஒரே நகரத்தில், ஒரே காலத்தில் பிறந்தவை இரண்டு பாதையாகப் பிரிந்தது இங்கேதான்.

● இந்த மலைப் பாடசாலைகளுக்கு வழிசெய்த தேயிலைப் பணத்தை உழைத்துத் தந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, இலவசக் கல்வி வந்த பிறகும் தோட்டப் பாடசாலைதான். ஒரே அறை, ஒரே ஆசிரியர், சில வகுப்புகள், அதோடு சரி. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். கன்னங்கரவின் கனவு லயத்து வாசலுக்கு வர 30 ஆண்டுகள் பிடித்தன. கண்டிக் கல்லூரிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஒரு பக்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒரு நகரம் எத்தனை அதிபர்களைக் கொண்டாடினாலும், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை எங்கே படித்தது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

● முதலாம் தரத்தில் ஒரு தேசியப் பாடசாலைக்குள் நுழைவதற்கு வீடு எங்கே இருக்கிறது என்பதுதான் முதற்கணக்கு. இடங்களில் பாதி அருகில் குடியிருப்போருக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, அடுத்து அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கையருக்கு என்று சுற்றறிக்கை பிரித்து வைத்திருக்கிறது. கடுகண்ணாவையில் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இந்த மூன்று வாசலும் பெரும்பாலும் கிட்டாது. அவர்களுக்கு இருக்கும் வாசல் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் ஆறாம் தரத்துக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்மொழியில் எழுதும் பிள்ளைக்குத் தமிழ்மொழிப் பிரிவு உள்ள பாடசாலை வேண்டும். தெரிவு அங்கேயே சுருங்கிவிடும்.

காலையில் கடுகண்ணாவை நிலையத்தில் நின்று பாருங்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சீருடை, முதுகில் புத்தகப்பை, கையில் பருவச்சீட்டு. சாப்பாட்டுப் பார்சல் ஈரமாகிவிடாமல் தனிப்பையில். தாய்மார் மேடை வரை வந்து, ரயில் நகரும் வரை கண்ணாடியற்ற ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பேராதனையில் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் ரயில்வே ஊழியரும் இறங்க, வெள்ளைச் சட்டைகள் கண்டிவரை போகும். ஐந்தாம் தரத்தில் எழுதிய ஒரு பரீட்சைக்காகப் பல ஆண்டுகள் தினமும் இந்தப் பயணம்.

● டிரினிட்டியின் அஸ்கிரிய மைதானமும் ஃபிரேசர் காலத்து வேலைதான். மேட்டை வெட்டிச் சமப்படுத்தி 1915இல் திறந்தார்கள். ஒரு பாடசாலைக்குச் சொந்தமான அந்த மைதானம் 1983 ஏப்ரலில் டெஸ்ட் மைதானமானது. எதிரணி அவுஸ்திரேலியா. உலகில் டெஸ்ட் ஆடிய பாடசாலை மைதானம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இலங்கை அவுஸ்திரேலியாவை முதன்முறையாக டெஸ்டில் வென்றதும் இங்கேதான், 1999இல்.

● அதே அஸ்கிரியவில், 2007 டிசம்பர் 3ஆம் திகதி, இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டின் விக்கெட்டைச் சரித்து, முத்தையா முரளிதரன் தன் 709ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். ஷேன் வோர்னின் 708 பின்னால் போயிற்று. முரளி டிரினிட்டி மாணவரல்லர். மகாவலிக்கரையில் இருக்கும் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் பிள்ளை. அவருடைய தாத்தா தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். போட்டிப் பாடசாலையின் மைதானத்தில், சொந்த ஊராரின் முன்னால், உலகச் சாதனை! 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு அவர் டெஸ்டிலிருந்து விலகினார். இந்தப் பத்தி எழுதும் வரை அந்த எண்ணிக்கையை யாரும் தொடவில்லை.